வண்டல் விசிறியை அளப்பவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

மலையை விட்டுச் சமவெளியில் இறங்கும் ஓடை தன் சுமையை விசிறி வடிவில் பரப்புகிறது. ஓடைக்கு நீரும் படிவும் தரும் நிலப்பரப்பான வடிநிலம் பெரிதாக இருந்தால் விசிறியும் பெரிதாகும், அதன் சரிவு குறையும். இதைப் புதியவர்கள் விரைவில் புரிந்துகொள்கிறார்கள். தவறுவது அளக்கும்போதுதான். அலகுக் குழப்பம் போன்றவற்றை அவர்களே திருத்திக்கொள்வார்கள்.

வடிநிலத்தின் வாயை இடம் மாற்றிக் குறிப்பது

வடிநிலம் விசிறியின் உச்சியில், அதாவது ஓடை மலைச்சுவர்களுக்கிடையிலிருந்து வெளியேறும் இடத்தில், முடிந்துவிடுகிறது. ஆனால் மென்பொருளில் நீர்வழிக்கோடு விசிறியின் மீதும் தொடர்வதால், பலர் வடிநிலத்தின் முடிவைக் குறிக்கும் புள்ளியை, அதாவது அதன் வாயை, விசிறியின் அடிவிளிம்பிலேயே வைத்துவிடுகிறார்கள். விசிறியின் ஒரு பகுதி வடிநிலத்தின் கணக்கில் சேர்ந்துவிடுகிறது. 4 சதுர கிலோமீட்டர் வடிநிலத்தோடு 1 சதுர கிலோமீட்டர் விசிறி சேர்ந்தால் பிழை 25 விழுக்காடு. 200 சதுர கிலோமீட்டரோடு 10 சேர்ந்தால் 5 விழுக்காடுதான்.

வடிநிலப் பரப்பை ஓர் அச்சிலும் விசிறிப் பரப்பை மற்றோர் அச்சிலும் வைத்து ஒரு மாணவர் கொண்டுவந்த வரைபடத்தில் புள்ளிகள் கோட்டின் மீது அவ்வளவு ஒழுங்காக அமர்ந்திருந்தன; எனக்கு ஐயம் எழுந்ததே அதனால்தான். விசிறியின் பரப்பை இரு அச்சுகளிலும் சேர்த்துவிட்டால் உறவு வலுவாகத் தெரியாமல் என்ன செய்யும்? சிறிய வடிநிலங்களே அதிகம் வீங்குவதால் கோடு செங்குத்தாகி, பல இடங்களில் 0.9-ஐ ஒட்டி வரும் அடுக்கெண் (வடிநிலப் பரப்பின் எந்த அடுக்குக்கு ஏற்ப விசிறிப் பரப்பு வளர்கிறது என்ற எண்) 1-ஐ நோக்கி ஏறுகிறது. பெரிய வடிநிலம் தன் படிவில் ஒரு பங்கை உள்ளேயே தேக்கிவைக்கிறது என்பதைச் சொல்லும் எண்ணே இவ்வாறு அழிந்துபோகிறது. உச்சியைக் கையால் குறித்தால் தீரும் இந்தத் தொல்லையை ஏன் இத்தனை பேர் சுமக்கிறார்கள் என்பது எனக்கு இன்றும் விளங்கவில்லை.

பாறையை மறப்பது

கலிபோர்னியாவின் பிரெஸ்னோ பகுதி விசிறிகளை ஆராய்ந்த நிலவியலாளர் வில்லியம் புல், சேற்றுப்பாறையும் களிப்பாறையும் மிகுந்த வடிநிலங்களின் விசிறிகள், அதே அளவுள்ள மணற்பாறை வடிநிலங்களுடையவற்றைப் போல ஏறத்தாழ இரு மடங்கு பரப்புள்ளவை என 1964-இல் காட்டினார்.

எல்லாவற்றையும் ஆற்றுப் படிவு என எழுதுவது

விசிறியின் வெட்டுமுகத்தில் தெரியும் படிவு அடுக்குகளைப் பாருங்கள்; சிறிய, செங்குத்தான வடிநிலம் பெரும்பாலும் கல்லும் சேறும் கலந்த ஓட்டத்தையே அனுப்பும்.

படிவு இறங்கும் தளத்தைப் பார்க்காதது

கலிபோர்னியாவின் டெத் பள்ளத்தாக்கின் தளம் கிழக்கு நோக்கிச் சாய்ந்துகொண்டிருப்பதால் மேற்கு விசிறிகள் அகன்று ஒன்றோடொன்று இணைந்துவிட்டன. கிழக்கு விசிறிகளோ சிறியவையாகவும் செங்குத்தாகவும் நிற்க, அவற்றின் அடிப்பகுதியைப் பள்ளத்தாக்கின் படிவுகள் மூடிவிடுகின்றன. இரு பக்கத்தையும் ஒரே கோட்டில் பொருத்தினால், பள்ளத்தாக்கின் சாய்வால் வந்த வேறுபாடு வடிநிலத்தால் வந்ததாகத் தோன்றும். இரண்டையும் தனித்தனியாகவே வரையுங்கள்.