கோட்பாடு ஒரு நோட்டில், ஆய்வு முறை இன்னொரு நோட்டில்

முதுகலை சமூகவியல் வாய்மொழித் தேர்வில் தவறாமல் வரும் கேள்வி ஒன்று உண்டு. "உங்க ஆய்வுல எந்தக் கோட்பாட்டைப் பயன்படுத்தியிருக்கீங்க?" பதிலும் பெரும்பாலும் ஒன்றுதான்: "செயல்பாட்டியல், சார்." (சமூகத்தின் ஒவ்வொரு பகுதியும் முழுமை நிலைக்க உதவுகிறது என்னும் கோட்பாடு அது.) எங்கே என்று கேட்டால் இரண்டாம் அத்தியாயத்தைக் காட்டுவார்கள். அந்த அத்தியாயத்தைக் கிழித்து எடுத்துவிட்டாலும் மூன்று, நான்கு, ஐந்தாம் அத்தியாயங்களில் ஒரு வரிகூட மாற்ற வேண்டியிருக்காது.

பாடத்திட்டம் கோட்பாட்டை ஒரு தாளாகவும் ஆய்வு முறைகளை வேறு தாளாகவும் வைத்திருக்கிறது. தேர்வு நடத்தும் வசதிக்காகச் செய்த பிரிவினை அது. ஆனால் இரண்டு வருடம் தனித்தனி நோட்டில் எழுதிப் பழகிய மாணவருக்கு, ஒன்று செத்துப்போன ஐரோப்பியர்களைப் பற்றியது, மற்றொன்று எஸ்.பி.எஸ்.எஸ். என்ற புள்ளியியல் மென்பொருளைப் பற்றியது என்று மனதில் பதிந்துவிடுகிறது. கீழே சொல்லப்போகும் தவறுகளில் பெரும்பாலானவை இந்த இடத்திலிருந்துதான் கிளைக்கின்றன.

பெயர்ப்பட்டியலாகப் படிப்பது

பிரெஞ்சுச் சமூகவியலாளர் எமில் துர்கைம் என்றால் தற்கொலையின் நான்கு வகைகள். வகைக்கு ஒரு பத்தி, மொத்தம் பத்து மதிப்பெண். 1897-இல் வந்த அந்த நூலைத் திறந்து பார்த்தால், நான்காவது வகைக்கு அவர் கொடுத்த இடம் ஓர் அடிக்குறிப்பு மட்டும்தான். கைடு புத்தகம் நான்குக்கும் சம இடம் கொடுத்திருப்பதால் இது யாருக்கும் தெரிவதில்லை.

வகைகள் மனப்பாடமாகிவிடும். அவர் எப்படி அங்கே போய்ச் சேர்ந்தார் என்பது தெரியாமலே போய்விடும். ஒரு சமூக மெய்மைக்கான (தனிமனிதருக்கு வெளியே நின்று அவரைக் கட்டுப்படுத்தும் வழக்கம், நம்பிக்கை போன்றவை) காரணத்தை இன்னொரு சமூக மெய்மையில்தான் தேட வேண்டும் என்று துர்கைம் 1895-லேயே எழுதிவிட்டார். தனிமனிதரின் மிக அந்தரங்கமான செயல் என்று எல்லோரும் நினைத்த ஒன்றை எடுத்துக்கொண்டு, 'இவர் ஏன்?' என்று கேட்காமல் 'இந்த நாட்டில், இந்த மதத்தாரிடையே, மணமானவர்களிடையே விகிதம் ஏன் இப்படி இருக்கிறது?' என்று கேட்டது அந்த நிலைப்பாட்டின் தொடர்ச்சி. ஆகவே அவருக்கு வேண்டியிருந்தவை விகிதங்கள். அவருடைய சகோதரி மகன் மார்செல் மோஸ் சுமார் 26,000 பதிவுகளைப் பிரித்து அடுக்கிக் கொடுத்தார். கோட்பாடுதான் தரவைத் தேர்ந்தெடுத்தது.

அந்த நூலின் பலவீனமும் அங்கேயேதான் இருக்கிறது. மனிதரின் நோக்கத்தை வெளியிலிருந்து பார்க்க முடியாது என்பதால் தன் வரையறையிலிருந்து நோக்கத்தை அவர் விலக்கினார். ஆனால் பதிவேட்டில் எழுதிய அதிகாரிகள் அப்படி விலக்கவில்லை. குடும்பம் என்ன சொன்னது, இவர் அப்படிச் செய்யக்கூடியவரா என்றெல்லாம் ஊகித்துத்தான் எழுதினார்கள். அமெரிக்கச் சமூகவியலாளர் ஜாக் டக்ளஸ் 1967-இல் இதைப் பிடித்துக்கொண்டு, அரசுப் புள்ளிவிவரமே ஒரு சமூகத் தயாரிப்பு என்று வாதிட்டார். நம்மூர்ச் செய்திகளில் காரணமாக அடிக்கடி வரும் 'தீராத வயிற்றுவலி'யை யோசித்துப் பாருங்கள், டக்ளஸ் சொல்வது உடனே விளங்கும். இந்த ஒரு நூலை இப்படிப் படித்தால் இரண்டு தாளுக்கும் படித்தாயிற்று. எழுபது சிந்தனையாளர்களைப் பற்றித் தலா அரைப்பக்கம் படிப்பதைவிட நான்கைந்து பேரை இப்படிப் படிப்பது மேல் என்பது என் கட்சி. கல்லூரி ஆசிரியர் தகுதிக்கான நெட் தேர்வின் 'பொருத்துக' கேள்விக்கு இது போதாதுதான். அதற்குக் கடைசி மாதத்தில் தனியாகப் பட்டியல் போட்டுக்கொள்ளலாம்.

பட்டியலில் யார் இல்லை என்பதையும் கவனிக்க வேண்டும். துர்கைமின் நூல் வந்து இரண்டு வருடத்தில், 1899-இல், அமெரிக்கக் கறுப்பினச் சமூகவியலாளர் டபிள்யூ.ஈ.பி. டுபோயிஸ் பிலடெல்பியாவின் ஏழாவது வட்டத்தில் வீடு வீடாக ஏறி இறங்கிக் கறுப்பின மக்களைப் பற்றி எழுதிய ஆய்வு வெளிவந்தது. உற்றுநோக்குவது எப்படி என்று ஆங்கில எழுத்தாளர் ஹேரியட் மார்ட்டினோ 1838-லேயே தனி நூல் எழுதிவிட்டார். சாதியின் தோற்றத்தையும் அகமணத்தையும் பற்றி அம்பேத்கர் கொலம்பியா பல்கலைக்கழகக் கருத்தரங்கில் கட்டுரை வாசித்தது 1916-இல். மூவரும் பல பாடத்திட்டங்களில் 'கூடுதல் வாசிப்பு' என்ற ஓரத்தில்தான் நிற்கிறார்கள்.

யார் திண்ணையில் உட்கார்ந்து கேட்டோம்?

ஜெர்மன் சமூகவியலாளர் மாக்ஸ் வேபரைப் பற்றிக் கேட்டால் அதிகாரத்தின் மூன்று வகை, புராட்டஸ்டண்ட் அறம் என்று வரும். 1892-இல் அவர் செய்த வேலையை யாரும் சொல்வதில்லை. ஜெர்மனியில் எல்பே ஆற்றுக்குக் கிழக்கே விவசாயத் தொழிலாளர்களின் நிலையை அறிய எடுக்கப்பட்ட கணக்கெடுப்பு அது. ஆனால் வினாநிரல் போனது நிலவுடைமையாளர்களுக்கு. தொழிலாளியின் வாழ்க்கையை முதலாளி எழுதிக் கொடுத்தார்! இந்தக் குறை வேபருக்கே உறுத்தியது. அடுத்த முயற்சியில் கிராமப் பாதிரியார்கள் வழியாகத் தகவல் திரட்டினார். வேபரின் 1892 கணக்கெடுப்புக்குப் பன்னிரண்டு வருடம் முன்பே மார்க்ஸ், பிரெஞ்சுத் தொழிலாளர்கள் தாங்களே பதில் எழுதட்டும் என்று நூறு கேள்விக்கு மேல் தயாரித்திருந்தார். யாரிடம் கேட்பது என்பதற்குள் ஒரு வர்க்கக் கோட்பாடு உட்கார்ந்திருக்கிறது.

நம் மாணவர் களத்துக்குப் போனால் முதலில் பார்ப்பது ஊராட்சித் தலைவரையோ கிராம நிர்வாக அலுவலரையோதான். அவர் ஆள் அனுப்பி நாலு பேரைக் கூப்பிடுவார். அவர் வீட்டுத் திண்ணையிலேயே வினாநிரல் நிரம்பும். கூலி சரியாகக் கிடைக்கிறதா என்று கேட்டால், கூலி கொடுப்பவர் பக்கத்தில் நிற்கும்போது என்ன பதில் வரும்?

இந்தியச் சமூகவியலாளர் ஆந்த்ரே பெத்தேய் 1960-களின் தொடக்கத்தில் தஞ்சை மாவட்டக் கிராமம் ஒன்றில் ஆய்வு செய்து 1965-இல் நூலாக்கினார். அவர் தங்கியது அக்கிரகாரத்தில். அதனால் எந்தத் தெருவில் தாராளமாகப் பழக முடிந்தது, எதில் முடியவில்லை என்பதை அவர் மறைக்கவில்லை. மாணவர் ஆய்வேடுகளில் 'ஆய்வின் வரம்புகள்' என்ற பகுதி இருக்கும். அதில் 'கால அவகாசம் குறைவு' என்று ஒரு வரி இருக்கும். எந்த வீட்டில் சாப்பிட்டேன், யார் என்னை அழைத்துப் போனார், என் சாதியை ஊரார் என்னவென்று நினைத்தார்கள் என்பவைதான் உண்மையில் அந்தப் பகுதியில் வர வேண்டியவை.

384

இந்த எண்ணைப் பார்த்தாலே எனக்குச் சந்தேகம் வந்துவிடும். கிரெஜ்சியும் மார்கனும் 1970-இல் வெளியிட்ட அட்டவணைப்படி, பத்து லட்சம் பேர் கொண்ட முழுமைத் தொகுதிக்கு மாதிரி அளவு 384. அந்தக் கணக்குக்குப் பின்னால் ஒரு நிபந்தனை இருக்கிறது. தொகுதியில் உள்ள ஒவ்வொருவருக்கும் தேர்வாகச் சம வாய்ப்பு இருக்க வேண்டும். அதாவது பட்டியல் கையில் இருந்து, குலுக்கல் முறையில் எடுக்க வேண்டும். நடப்பது வேறு. கூகுள் படிவத்தைத் தயாரித்து வாட்ஸ்அப் குழுக்களில் போட்டு, '384 வந்ததும் நிறுத்தினேன்' என்கிறார்கள். தெரிந்தவர் வழியாகத் தெரிந்தவரைப் பிடித்துப் பேசியவரும் 384 என்றே எழுதுகிறார்.

எண்ணிக்கை பெரிதாக இருப்பதால் மட்டும் மாதிரி நல்லதாகிவிடாது. 1936 அமெரிக்கத் தேர்தலில் ஒரு பத்திரிகை ஒரு கோடிப் பேருக்கு வாக்குச்சீட்டு அனுப்பி, இருபது லட்சத்துக்கு மேல் பதில் வாங்கி, லேண்டன் ஜெயிப்பார் என்றது. ஜெயித்தவர் ரூஸ்வெல்ட். தொலைபேசியும் காரும் வைத்திருந்தவர்களின் பட்டியல்களை அதிகம் நம்பியதும், பதில் அனுப்ப அக்கறை காட்டியவர்கள் மட்டும் அனுப்பியதும் காரணங்கள். நாற்பது பேரிடம் ஆழமாகப் பேசியிருந்தால் நாற்பது என்றே எழுதுங்கள். அதற்குக் கை-வர்க்கம் (chi-square) என்ற புள்ளியியல் சோதனை போட்டு 'கருதுகோள் ஏற்கப்பட்டது' என்று முடிக்கத் தேவையில்லை.

இதன் உடன்பிறப்பு ஒன்று உண்டு: மாவட்ட அளவிலான அட்டவணையைப் பார்த்துவிட்டுத் தனிமனிதர்களைப் பற்றி முடிவு சொல்வது. 1950-இல் சமூகவியலாளர் ராபின்சன் அமெரிக்காவின் 1930 மக்கள்தொகைக் கணக்கெடுப்பை வைத்து இதை உடைத்துக் காட்டினார். வெளிநாட்டில் பிறந்தவர்கள் அதிகம் வாழும் மாநிலங்களில் எழுத்தறிவின்மை குறைவு. இரண்டும் எவ்வளவு சேர்ந்து மாறுகின்றன என்று காட்டும் ஒட்டுறவு (correlation) மைனஸ் 0.53. தனிமனிதர்களாக எடுத்துப் பார்த்தால், வெளிநாட்டில் பிறந்தவர்களிடையே எழுத்தறிவின்மை சற்று அதிகம்; ஒட்டுறவு பிளஸ் 0.12. குறியே தலைகீழாகிவிட்டது. குடியேறிகள் போய்ச் சேர்ந்தது ஏற்கெனவே எழுத்தறிவு மிகுந்த மாநிலங்களில், அவ்வளவுதான் விஷயம்.

கருத்தைக் கேள்வியாக்கும் இடம்

ஆய்வு கெடுவது பெரும்பாலும் இங்கேதான், ஆனால் இதற்கு ஒதுக்கப்படும் நேரம் ஒரு மாலைப்பொழுது. 'உங்கள் ஊரில் சாதிப் பாகுபாடு இருக்கிறதா?' என்று நேரடியாகக் கேட்டால், இரண்டு பக்கத்திலிருந்தும் "அதெல்லாம் அந்தக் காலம் தம்பி" என்றே பதில் வரும். அதை விழுக்காடாக்கி, பாகுபாடு மறைந்துவிட்டது என்று முடிவுரை எழுதிய ஆய்வேடுகள் உண்டு. பாகுபாடு என்று நீங்கள் எதைச் சொல்கிறீர்கள் என்பதை முதலில் உடைக்க வேண்டும். டீக்கடையில் குவளை எங்கே இருக்கிறது, முடி வெட்ட எந்த ஊருக்குப் போகிறீர்கள், சுடுகாட்டுக்கு எந்தப் பாதை, தேர் எந்தத் தெருவோடு திரும்பிவிடுகிறது? எவற்றை உடைத்துக் கேட்பது என்பதைக் கைடு சொல்லித்தராது. சாதியைப் பற்றி நீங்கள் வைத்திருக்கும் கோட்பாடுதான் சொல்லும்.

ஐந்து புள்ளி லைக்கர்ட் அளவுகோலும் அப்படித்தான். தாளில் தானே எழுதுபவருக்கு அது சரி. நூறு நாள் வேலை முடித்து வந்து உட்கார்ந்திருக்கும் பாட்டியிடம் 'ஓரளவு உடன்படுகிறேனா, முழுமையாக உடன்படுகிறேனா' என்று இருபத்தைந்து தடவை கேட்டால், ஆறாவது கேள்வியிலேயே "நீயே போட்டுக்கோ கண்ணு" என்பார். போட்டும் கொள்கிறார்கள். பிறகு கேள்விகளுக்கான பதில்கள் ஒன்றோடொன்று எவ்வளவு ஒத்துப்போகின்றன என்று காட்டும் குரோன்பாக் ஆல்பா 0.9 வந்ததாகப் பெருமை! ஒரே நெடுவரிசையில் மேலிருந்து கீழாக டிக் அடித்தால் ஆல்பா உயரத்தான் செய்யும். உண்மையான ஆய்வுக்கு முன் பத்துப் பேரிடம் சோதித்துப் பார்த்திருந்தால் பாதிக் கேள்விகள் குப்பைக்குப் போயிருக்கும்.

எண்களுக்குப் பயந்து பண்புசார் (qualitative) ஆய்வுக்குத் தாவுபவர்கள், தரவிலிருந்தே கோட்பாட்டைக் கட்டும் 'கிரவுண்டட் தியரி' என்று எழுதிவிட்டுப் படிப்பதையே நிறுத்திவிடுகிறார்கள். கிளேசரும் ஸ்ட்ராஸும் 1967-இல் அதை எழுதும் முன் மருத்துவமனைகளில் மரணத்தை எதிர்கொள்பவர்களிடையே நீண்ட கள ஆய்வு செய்திருந்தார்கள். ஒவ்வொரு நேர்காணலையும் முந்தையதோடு ஒப்பிட்டு, அடுத்து யாரைப் பார்ப்பது என்று முடிவு செய்யும் முறை அது. மொத்த நேர்காணல்களையும் எடுத்து முடித்துவிட்டுக் கடைசி வாரத்தில் தலைப்பு தேடுவதற்கு அந்தப் பெயர் பொருந்தாது.

இன்னொன்று, இது மதிப்பெண்ணைவிட முக்கியம். பெத்தேய் தன் நூலில் ஊருக்கு 'ஸ்ரீபுரம்' என்று புனைபெயர் வைத்தார். மாணவர்களும் பெயரை மாற்றுகிறார்கள். மாற்றிவிட்டு, 'பெண், 42 வயது, இந்த ஊராட்சியின் மூன்றாவது வார்டு உறுப்பினர், கணவர் ரேஷன் கடை ஊழியர்' என்று எழுதிவிடுகிறார்கள். அந்த ஊரில் அப்படி ஒருவர்தான் இருப்பார். வயதை ஒரு வரம்பாக மாற்றுங்கள், பதவியையும் கணவரின் வேலையையும் எடுத்துவிடுங்கள், ஊர்ப் பெயரை நன்றியுரையிலும் போடாதீர்கள். பின்னிணைப்பில் ஒட்டும் கள ஆய்வுப் புகைப்படங்களில் முகம் தெரிகிறதா என்று பைண்டிங்குக்குக் கொடுக்கும் முன் ஒருமுறை பாருங்கள்.