பழைய பிக்கப் வாங்கும் ஆசையில் செய்யும் தவறுகள்

அமெரிக்காவில் பழைய பிக்கப் வண்டிகளுக்கு இப்போது நல்ல கிராக்கி. 1973 முதல் 1987 வரை வந்த சதுர முகச் செவர்லே, 70களின் ஃபோர்டு எஃப்-100, 80களின் டொயோட்டா என்று தேடித் தேடி வாங்குகிறார்கள். அழகுக்காக மட்டும் இல்லை. கதவில் முக்கோணக் கண்ணாடி, மூன்று பேர் உட்காரும் ஒரே நீள சீட்டு, காலால் மிதித்து டிம் அடிக்கும் சுவிட்ச், இரண்டு பெட்ரோல் டேங்க், வெளியே நின்றபடியே கைவிட்டுச் சாமான் எடுக்கக்கூடிய தாழ்வான தொட்டி. இதெல்லாம் இப்போதைய வண்டியில் எங்கே போயிற்று என்று கேட்கிறவர்கள் ஏராளம். கேள்வி நியாயமானதுதான். அந்த வசதிகளோடு கூடவே வந்த தொல்லைகளை மறந்துவிட்டுப் பணத்தை நீட்டும்போதுதான் சிக்கல் ஆரம்பிக்கிறது.

கம்பெனிக்காரன் வேண்டுமென்றே எல்லாவற்றையும் பிடுங்கிக்கொண்டான் என்று நினைப்பது முதல் தவறு. முக்கோணக் கண்ணாடியையே எடுத்துக்கொள்ளுங்கள். கொக்கியைத் தள்ளி அதை முழுதாகத் திருப்பினால் ஓடுகிற ஓட்டத்தில் வெளிக்காற்று நேராக நெஞ்சில் அடிக்கும். லேசாகத் திறந்தால் உள்ளே இருக்கும் சிகரெட் புகையை வெளியே இழுத்துவிடும். ஏசி இல்லாத காலத்தில் அருமையான ஏற்பாடு. ஏசி பரவிய பிறகு அதற்கு வேலை குறைந்தது, காற்று இரைச்சல்தான் மிஞ்சியது. திருடனுக்கும் அது சௌகரியமாக இருந்தது; கொக்கியை நெம்பினால் கை உள்ளே போய்விடும். நீங்கள் பார்க்கிற வண்டியில் அந்தக் கண்ணாடியைச் சுற்றியுள்ள ரப்பர் காய்ந்து வெடித்திருந்தால், பல வருஷ மழைத்தண்ணீர் கதவுக்குள் இறங்கியிருக்கும். கதவைத் திறந்து அடி விளிம்பில் விரலை ஓட்டிப் பாருங்கள். பெயிண்ட் கொப்பளித்து, அழுத்தினால் நொறுங்கினால், துரு உள்ளிருந்தே தின்றுகொண்டு வந்திருக்கிறது என்று அர்த்தம்.

மிதி சுவிட்சும் அப்படித்தான். எதிரே வண்டி வரும்போது கையை ஸ்டியரிங்கிலிருந்து எடுக்காமல் இடது காலால் ஒரு மிதி, டிம். இன்னொரு மிதி, பிரைட். ஆனால் அது உட்கார்ந்திருக்கும் இடம் தரையின் இடது மூலை. பனிக்காலத்தில் மிச்சிகன், ஒஹாயோ போன்ற மாநிலங்களில் சாலையில் உப்பு கொட்டுவார்கள். பூட்ஸில் ஒட்டி வருகிற உப்புத்தண்ணீர் போய்த் தேங்குவது அந்த மூலையில்தான். முன்கண்ணாடிக்கு அடியில் உள்ள காற்றுத்துளைகளில் இலை அடைத்துக்கொண்டால் மழைத்தண்ணீரும் அங்கேயே ஒழுகும். இருட்டில் ஹெட்லைட்டைப் போட்டு, சுவிட்சைப் பலமுறை மிதித்துப் பார்க்காமல் வண்டியை எடுக்காதீர்கள். ஒரு மிதியில்கூட விளக்கு துடிக்கக் கூடாது. அப்புறம் தரைவிரிப்பைத் தூக்கிப் பாருங்கள். விற்கிறவர் முகம் சுளித்தால் சுளிக்கட்டும்.

வெளிப் பளபளப்பைப் பார்த்து மயங்குவதைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. பட்டி பார்த்துப் பெயிண்ட் அடித்த இடத்தில் காந்தம் ஒட்டாது. கேபினின் பின் மூலைகளிலும் கதவுக்குக் கீழே உள்ள பட்டையிலும் வைத்துப் பாருங்கள். பாடியை வெட்டி ஒட்டலாம். வண்டியையே தாங்கும் இரும்புச் சட்டமான சேஸ் இற்றுப்போயிருந்தால் பேரமே பேசாமல் கிளம்பிவிடுவது நல்லது.

பெட்ரோல் டேங்க் விஷயத்தில்தான் ஏக்கம் கண்ணை அதிகமாக மறைக்கிறது. 1967 முதல் 1972 வரை வந்த செவர்லேயில் டேங்க் சீட்டுக்குப் பின்னால், கேபினுக்கு உள்ளேயே இருந்தது. முதுகுக்குப் பின்னால் பெட்ரோலை வைத்துக்கொண்டு ஓட்டினார்கள். 1973இல் அதை வெளியே கொண்டுபோனார்கள், ஆனால் சேஸ் சட்டத்துக்கு வெளிப்பக்கமாக, வண்டியின் விலாவில் மாட்டினார்கள். பக்கத்துக்கு ஒன்றாக இரண்டு டேங்க் போட்டால் நூறு லிட்டருக்கு மேல் பிடிக்கும், நெடுந்தூரம் போகலாம். பக்கவாட்டில் வேறு வண்டி வந்து இடித்தால் முதல் அடி டேங்குக்குத்தான். தீப்பிடித்து இறந்தவர்களின் குடும்பங்கள் வழக்குப் போட்டன. 1994இல் அமெரிக்கப் போக்குவரத்துத் துறைச் செயலாளர் (நம்மூர் அமைச்சர் மாதிரி) ஃபெடரிகோ பேனா இது பாதுகாப்புக் குறைபாடு என்று ஆரம்ப முடிவை அறிவித்தார். கடைசியில் செவர்லேயைத் தயாரிக்கும் ஜெனரல் மோட்டார்ஸ் பாதுகாப்புத் திட்டங்களுக்கு 5 கோடி டாலருக்குச் சற்று அதிகமாகத் தர ஒப்புக்கொண்டது. வண்டிகளைத் திரும்ப அழைக்கவில்லை. அதாவது, அந்த டேங்குகளோடு இன்றும் பல வண்டிகள் ஓடுகின்றன. 1988இல் வந்த புது மாடலில் டேங்க் சேஸ் சட்டத்துக்கு உட்பக்கமாகப் போய்விட்டது.

ஃபோர்டின் இரட்டை டேங்கில் வேறு கோளாறு. 80களின் கடைசியிலும் 90களின் தொடக்கத்திலும் வந்தவற்றில், மீந்த பெட்ரோலைத் திருப்பி அனுப்பும் வால்வு கெட்டால் ஒரு டேங்கில் எடுத்தது இன்னொன்றில் போய்ச் சேரும். அது நிரம்பி வழியும்வரை தெரியாது. சோதிப்பது சுலபம்: ஒரு டேங்கில் கொஞ்ச தூரம் ஓட்டிவிட்டு மற்றதன் முள் ஏறியிருக்கிறதா என்று பாருங்கள். "ரெண்டாவது டேங்க் நான் யூஸ் பண்றதே இல்ல சார்" என்று விற்கிறவர் சொன்னால், விலையைக் குறைத்துக் கேட்கலாம்.

இன்ஜினைப் பற்றி எல்லாரும் ஒரே பாட்டுப் பாடுகிறார்கள்: அந்தக் காலத்து இன்ஜினுக்குச் சாவே கிடையாது. 1965 முதல் 1996 வரை வந்த ஃபோர்டின் 4.9 லிட்டர் ஆறு சிலிண்டர் இன்ஜினுக்கு அந்தப் பேச்சு பொருந்தும். வால்வுகளைச் சரியான நேரத்தில் திறந்து மூடவைக்கும் டைமிங் செயினே கிடையாது, பல்சக்கரம்தான். பானெட்டைத் திறந்தால் ஸ்பானர் பிடித்த கை தாராளமாகப் போய்வரும். அதற்காக எல்லா இன்ஜினும் அப்படியா? டொயோட்டாவின் பேர்பெற்ற 22ஆர் இன்ஜினில், 80களின் நடுவிலிருந்து, செயினைத் தாங்கும் பிளாஸ்டிக் கட்டை உடைந்து, செயின் மூடியையே அறுத்துவிடும். குளிர்ந்த இன்ஜினை ஸ்டார்ட் செய்ததும் முன்பக்கம் கடகடவென்று சத்தம் வந்தால் அதுதான். பழைய டாட்ஜ் பிக்கப் வைத்திருப்பவர்கள், இக்னிஷனுக்குப் போகும் மின்சாரத்தை மட்டுப்படுத்தும் பீங்கான் ரெசிஸ்டர் ஒன்றை உபரியாக டாஷ்போர்டில் போட்டுவைத்திருப்பார்கள். அது போனால் வண்டி நின்றுவிடும். போதாததற்கு, இப்போதைய பெட்ரோலில் பெரும்பாலும் 10 சதவீதம் எத்தனால். பழைய ரப்பர் குழாய்களை அது இளக்கிவிடும். சூடான இன்ஜின் மேல் பெட்ரோல் சொட்டினால் என்ன ஆகும் என்று சொல்லத் தேவையில்லை. வாங்கியதும் முதல் செலவு அந்தக் குழாய்கள்தான், சீட்டுக் கவர் பிறகு.

நீள சீட்டில் நடுவில் பிள்ளையை உட்காரவைத்துக்கொண்டு போக வேண்டும் என்பது பலருடைய கனவு. அந்த நடு இடத்தில் இருப்பது பெரும்பாலும் இடுப்பு பெல்ட் மட்டும். குழந்தை இருக்கையை மாட்டும் கீழ்க் கொக்கிகள் 2002 செப்டம்பரிலிருந்துதான் கட்டாயம். இலகு ரக டிரக்குகளுக்கு ஓட்டுகிறவர், பக்கத்தில் உட்காருகிறவர் இருவருக்கும் முன்பக்க ஏர்பேக் கட்டாயமானதே 1998 செப்டம்பரில். காலியாகப் போகும் பிக்கப்பின் பின்பக்கம் எடை குறைந்தது, ஈரச் சாலையில் சட்டென்று பிரேக் அடித்தால் வாலை ஆட்டும். ஞாயிற்றுக்கிழமை மரக்கட்டை ஏற்றிவர ஒரு வண்டி என்றால் சரி. தினமும் பள்ளிக்கூடத்துக்கு என்றால் என் ஓட்டு இதற்கு இல்லை.

இன்னொன்று, புது வண்டியில் எதுவுமே கிடைக்காது என்று முடிவு கட்டிவிடுவது. ஃபோர்டு எஃப்-150, செவர்லே சில்வராடோ இரண்டிலும் கடைநிலை மாடலில் ஒற்றை கேபின், 8 அடித் தொட்டி, மூன்று பேர் சீட்டு, கழுவித் துடைக்கக்கூடிய ரப்பர் தரை எல்லாம் வந்துகொண்டுதான் இருந்தன. ஷோரூமில் கண்ணுக்குத் தெரிகிற இடத்தில் நிறுத்தமாட்டார்கள், அவ்வளவுதான். நிறுவனங்களுக்கு விற்கும் பிரிவில் கேளுங்கள். உண்மையிலேயே மறைந்துபோனது அந்தக் கால அளவிலான சின்ன பிக்கப்தான். 1964இலிருந்து இறக்குமதி டிரக்குக்கு 25 சதவீத வரி. 2000களின் பிற்பகுதியில் வந்த எரிபொருள் சிக்கன விதிகள் சக்கரங்களுக்கு நடுவே உள்ள பரப்பை வைத்து இலக்கு நிர்ணயித்ததால், சின்ன வண்டிக்குத்தான் கெடுபிடி அதிகமாக இருந்தது.

அதனால்தான் பலர் ஜப்பானிலிருந்து குட்டி டிரக்குகளை வரவழைக்கிறார்கள். வண்டி தயாராகி 25 வருஷம் தாண்டியிருந்தால் மத்திய அரசின் பாதுகாப்பு விதிகள் தடுக்காது. சாலையில் ஓட்ட அனுமதிப்பது மாநிலத்தின் கையில். சில மாநிலங்கள் பதிவு செய்ய மறுத்திருக்கின்றன, கொடுத்த பதிவை ரத்து செய்ததும் உண்டு. முன்பணம் கட்டுவதற்கு முன்பே உங்கள் மாநில வாகனப் பதிவு அலுவலகத்தில் கேட்டு, பதிலை எழுத்தில் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.