கீபோர்டில் சத்தம் வரவில்லையா? பெடலைப் பாருங்கள்
கீபோர்டில் திடீரென்று சத்தமே வராவிட்டால் முதலில் எக்ஸ்பிரஷன் பெடலை, அதாவது காலால் ஒலியைக் கூட்டிக் குறைக்கும் பெடலைப் பாருங்கள். குதிகால் பக்கம் முழுக்கச் சாய்ந்திருந்தால் ஒலி வராது. ஒருமுறை கேபிளையெல்லாம் கழற்றி மாட்டிய பிறகுதான் எனக்கு இது உறைத்தது! சில பெடல்களில் பக்கவாட்டில் சின்னக் குமிழ் இருக்கும். அதைக் கொஞ்சம் திருகிவிட்டால், பெடலைக் குதிகால் பக்கம் முழுக்கச் சாய்த்தாலும் மெல்லிய ஒலி மிஞ்சும்.

அப்புறம், மிடி (மின்னணு இசைக்கருவிகளுக்குக் கட்டளை அனுப்பும் முறை) அமைப்பில் பெடலுக்கு 7-க்குப் பதில் 11-ஆம் கன்ட்ரோலரை (கட்டளை எண்) கொடுங்கள். 7 என்பது அந்தச் சேனலின், அதாவது ஒரு கருவியின் ஒலிக்கான தடத்தின், மொத்த வால்யூம். 11 அந்த அளவுக்குள்ளேயே 0 முதல் 127 வரை ஏற்றி இறக்கும். பியானோவுக்கும் வயலினுக்கும் பார்த்துப் பார்த்து வைத்த ஒலியளவு கலையாது.

மிதித்தால் ஒலி குறைகிறதா? பெடல் பழுதென்று முடிவுகட்டாமல் மெனுவில் போலாரிட்டியை (பெடல் வேலை செய்யும் திசையை) மாற்றிப் பாருங்கள்.