பழைய பின்பால் பழுதுபார்ப்பு: பொய் சொல்லும் சோதனைக் கருவிகள்

ஒரு எல்இடி, ஒரு 330 ஓம் ரெசிஸ்டர், இரண்டு கம்பி. சிப்பின் காலில் சிக்னல் இருக்கிறதா என்று காட்டும் கருவியான லாஜிக் புரோப்பில், என் முதல் ஒன்று அவ்வளவுதான். அதைக் கொண்டு பழைய பின்பால் விளையாட்டு இயந்திரத்தின் போர்டு ஒன்றில், உள்ளீடு வெளியீடுகளைக் கவனிக்கும் 6821 சிப்பின் சிக்னல் கால்களை ஒவ்வொன்றாகத் தொட்டேன், எதிலும் வெளிச்சமில்லை. சிப் செத்துவிட்டது என்று முடிவுகட்டி, நாற்பது கால்களையும் ஈயம் உருக்கிக் கழற்றிப் புதியதை வைத்தேன். அதிலும் வெளிச்சமில்லை. குற்றவாளி என் கையில்தான் இருந்தது.

அந்த எல்இடி ஒழுங்காக எரிய ஒன்பது மில்லி ஆம்பியர் வேண்டும். சிப்போ உயர்நிலையில் ஒரு மில்லி ஆம்பியர் அளவுக்குத்தான் தர வல்லது. முனையை வைத்த நொடியே மின்னழுத்தம் சரிந்துவிடும். அளக்கப்போகும் சிக்னலையே கருவி தின்றுவிடுகிறது. மின்னழுத்தங்களை ஒப்பிட்டுச் சொல்லும் எல்எம்393 கம்பேரட்டர் சிப் ஒன்றை இடையில் வையுங்கள். 0.8 வோல்ட்டுக்குக் கீழே (தாழ்நிலை) ஒரு எல்இடி, 2 வோல்ட்டுக்கு மேலே (உயர்நிலை) இன்னொன்று எரியட்டும். உள்ளீட்டை இரண்டு பெரிய ரெசிஸ்டர்களால் 1.4 வோல்ட்டில் நிறுத்திவையுங்கள். எங்கும் சேராமல் அந்தரத்தில் தொங்கும் காலைத் தொட்டால் இரண்டுமே எரியாது. ஒற்றை எல்இடி வைத்தவர்கள் இந்த மூன்றாவது நிலையைப் பார்க்கவே முடியாது. பாதிப் பழுதுகள் ஒளிந்திருப்பது அங்கேதான். மைக்ரோபிராசசரின் கடிகாரத் துடிப்பை மட்டும் இதில் நம்ப வேண்டாம். எல்எம்393 அவ்வளவு வேகமானதல்ல.

புரோப்பின் கிரவுண்டைப் போர்டின் கிரவுண்டோடு இணைக்க மறப்பது சின்னத் தவறு. எல்லோரும் ஒருமுறையாவது செய்வோம். 5 வோல்ட் புரோப்பை, காயில்களை (பந்தைத் தள்ளும் மின்காந்தச் சுருள்களை) இயக்கும் டிரைவர் டிரான்சிஸ்டரின் உலோகத் தலையில் வைப்பது அப்படியல்ல. பாலி நிறுவனத்தின் இயந்திரங்களில் அங்கே காயிலுக்கான 43 வோல்ட் நிற்கிறது. புள்ளிகளைக் காட்டும் எண்திரைகளுக்குப் போவதோ 190 வோல்ட். அது சுவிட்சை அணைத்த பிறகும் கபாசிட்டரில் தங்கியிருக்கும். அந்தப் பகுதிக்கு வீட்டில் செய்த எதையும் கொண்டுபோகாதீர்கள். நல்ல மல்டிமீட்டர் போதும், ஒரு கையைப் பாக்கெட்டில் வைத்துக்கொண்டு.

மேசையில் போர்டைத் தனியாக ஓட்டப் பழைய கணினியின் பவர் சப்ளை வசதியானதுதான். ஆனால் அதன் 5 வோல்ட் முனை பல ஆம்பியர்களைத் தாராளமாகத் தள்ளும். போர்டில் ஷார்ட் இருந்தாலும் சப்ளை நிற்காமல் போகலாம். செம்புத் தடம்தான் எரியும். தொடரில் 2 ஆம்பியர் ஃபியூஸ் போடுங்கள். கனெக்டரை நீங்களே செய்தால், தவறாகச் செருகாமல் தடுக்கும் கட்டையை ஒருபோதும் விட்டுவிடாதீர்கள். அந்தக் கட்டை இல்லாமல் ஒரு பின் தள்ளிச் செருகினால் 12 வோல்ட் 5 வோல்ட் பாதையில் நுழையும். பிறகு எந்தச் சிப் பிழைத்தது என்று தேடுவதே தனி வேலை.

1977 முதல் 1980களின் நடுப்பகுதி வரை வந்த பாலி போர்டுகள் விழித்ததும் அவற்றிலுள்ள எல்இடி ஒருமுறை துடித்து, பிறகு ஏழு முறை மின்னும். மேசையில் 5, 12 வோல்ட் மட்டும் கொடுத்தால் ஆறோடு நிற்கும். பலர் இதைப் பழுது என்று எண்ணிச் சிப்புகளை மாற்றத் தொடங்கிவிடுகிறார்கள். ஏழாவது முறை மின்னுவதற்குக் காயில்களுக்கான மின்சாரத்தின் ஏற்ற இறக்கம் வேண்டும்; அது மேசையில் இல்லை. ஆறு வந்தால் போர்டை இயந்திரத்தில் மாட்டிப் பாருங்கள்.

பஸ்ஸர் வைத்த தொடர்ச்சி சோதனைக் கருவிக்குச் சில ஓம் கொண்ட காயிலும், குளிர்ந்த பல்பும், வெறும் ஷார்ட்டும் ஒன்றுதான். எல்லாவற்றுக்கும் பீப் அடிக்கும். ஒரு முனையைக் கழற்றிவிட்டுச் சோதியுங்கள்.

டிரான்சிஸ்டரின் தலையைக் கம்பியால் கிரவுண்டில் தொட்டுக் காயிலை இயக்குவது பழைய உத்தி. தட்டி எடுக்க வேண்டும். பிடித்துக்கொண்டே இருந்தால் காயில் புகையும். காயில் துள்ளினால் காயிலும் கம்பியும் நலம் என்றுதான் பொருள், டிரான்சிஸ்டரைப் பற்றி அது எதுவும் சொல்லவில்லை. அதைத் தொடுவதற்கு முன் காயிலின் இரு முனைகளுக்கிடையே 1என்4004 டையோடு இருக்கிறதா, அதன் கோடு மின்சாரம் வரும் பக்கம் இருக்கிறதா என்று பாருங்கள். நான் பார்க்காமல் புது டிரான்சிஸ்டர் போட்டேன். முதல் துள்ளலிலேயே போய்விட்டது.