ஃபோம் பலகையில் ஒரு பழைய கல்லறைக் கல்: ஹாலோவீனுக்கான முதல் அலங்காரம்

அக்டோபர் 31 இரவு மிட்டாய் கேட்டு வரும் பிள்ளைகள் உங்கள் புல்வெளியில் நிறுத்திய போலிக் கல்லறைக் கல்லைப் பத்துப் பன்னிரண்டு அடி தள்ளி நின்று, அரையிருட்டில்தான் பார்ப்பார்கள். அதனால் இந்த வேலையில் நுணுக்கத்தைவிட ஆழம் முக்கியம். செதுக்கும்போதும், பெயிண்ட் அடிக்கும்போதும், விளக்கு வைக்கும்போதும் இதை மறக்காதீர்கள்.

முதலில் மாதிரி

நேரே பலகையில் கத்தி வைக்க வேண்டாம். அமெரிக்காவின் பாஸ்டனில் 1660-இல் தொடங்கிய கிரானரி இடுகாட்டுக் கற்களைப் படங்களிலாவது பாருங்கள். மெல்லிய ஸ்லேட் கற்கள். நடுவில் பெரிய அரைவட்டம், இரண்டு தோளிலும் சின்ன வளைவு, கட்டிலின் தலைமாட்டுப் பலகை மாதிரி. அரைவட்டத்துக்குள் சிறகு முளைத்த மண்டையோடு. காலம் போகப்போக அந்த மண்டையோடு சிறகுள்ள தேவதை முகமாக மாறியது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அதன் இடத்தில் தாழியும் கிளைகள் தொங்கும் வில்லோ மரமும் வந்துவிட்டன. ஆகவே மண்டையோடு செதுக்கினால் 1714 மாதிரி ஓர் ஆண்டு போடுங்கள். தாழி என்றால் 1815 சரியாக இருக்கும். இந்தப் பொருத்தம்தான் கல்லுக்கு உயிர் கொடுக்கிறது என்பது என் எண்ணம்.

பலகை

கட்டுமானப் பொருள் கடையில் சுவருக்கு வைக்கும் இளஞ்சிவப்பு அல்லது நீல நிற ஃபோம் பலகை கிடைக்கும். 2 அங்குலத் தடிமன் வாங்குங்கள். வெள்ளைத் தெர்மாகோல் வேண்டாம். வெட்டினால் மணிமணியாக உதிரும். 4 அடிக்கு 8 அடிப் பலகை ஒன்றில் 24 அங்குல அகலம், 32 அங்குல உயரத்தில் ஆறு கற்கள் எடுக்கலாம்.

வெட்டுவதும் செதுக்குவதும்

பாதி வடிவத்தைக் காகிதத்தில் வரைந்து, மடித்து வெட்டினால் இரண்டு பக்கமும் ஒத்து வரும். அதைப் பலகையில் வைத்துக் கோடு போட்டு, புது பிளேடு போட்ட கட்டரால் இரண்டு மூன்று தடவையாக அறுங்கள். ஒரே அழுத்தில் அறுத்தால் பிய்ந்துவிடும். ஓரங்களை உப்புத்தாளால் தேயுங்கள். அங்கங்கே ஒரு மூலையைக் கிள்ளி எடுத்தால் நல்லது, முன்னூறு வருடம் வெயிலிலும் பனியிலும் நின்ற கல் அல்லவா!

எழுத்துகளை ஒன்றரை அங்குலத்துக்குக் குறையாமல் அச்செடுத்து ஒட்டி, பேனா முனையால் குத்திப் படியெடுங்கள். அப்புறம் ஒவ்வொரு கோட்டிலும் கத்தியை இரண்டு பக்கமிருந்தும் சாய்த்து வெட்டினால் பள்ளம் கிடைக்கும். எழுத்துக்குக் கால் அங்குல ஆழம், மண்டையோட்டின் கண்குழிக்கு அரை அங்குலமாவது. வாசகம் நான்கைந்து சொல் போதும். உண்மையான ஒருவரின் பெயரைப் போடாதீர்கள். தெருவில் யாருக்கு என்ன துக்கம் இருக்கிறதோ, நமக்குத் தெரியாது.

பெயிண்ட்

ஸ்பிரே பெயிண்டை நேராக அடிக்காதீர்கள். அதிலுள்ள கரைப்பான் ஃபோமைத் தின்றுவிடும். எனது முதல் கல்லில் இரண்டு நாள் செதுக்கிய எழுத்துகள் கண் முன்னாலேயே கரைந்தன. அந்த வருத்தம் உங்களுக்கு வேண்டாம்.

தண்ணீரில் கரையும் எமல்ஷன் பெயிண்டில் அடர்சாம்பல் நிறத்தைப் பள்ளங்கள் உட்பட இரண்டு பூச்சு பூசிக் காயவிடுங்கள். பிறகு கறுப்பைத் தண்ணீராகக் கரைத்து மேலிருந்து வழியவிட்டு, மேற்பரப்பை மட்டும் துணியால் ஒற்றுங்கள். பள்ளத்தில் கறுப்பு தங்கிவிடும். கடைசியாக வெளிர்சாம்பல் தொட்ட பிரஷைத் தாளில் துடைத்து, ஏறக்குறைய உலர்ந்த பிரஷால் மேடுகளை மட்டும் தடவுங்கள். பலகை கல்லாக மாறுவது இந்தக் கட்டத்தில்தான். பொறுமையாகச் செய்யுங்கள். அடிப்பகுதியில் கொஞ்சம் பச்சை தொட்டால் பாசி படிந்த தோற்றம் வரும்.

நிறுத்துவது

இந்தக் கல்லுக்கு எடையே இல்லை. அக்டோபர் காற்று தூக்கிக்கொண்டு போய்விடும். முதுகில் நீளவாக்கில் இரண்டு பள்ளம் (காடி) வெட்டி, அரை அங்குல பிவிசி குழாயை 18 அங்குல நீளத்தில் பதித்து, ஃபோமுக்கென்றே விற்கும் பசையால் ஒட்டி ஒரு நாள் விடுங்கள். மண்ணில் 3/8 அங்குலக் கட்டுமானக் கம்பி இரண்டை அடித்து, குழாயை அதன்மேல் சொருகினால் போதும். கல்லைச் சற்றே சாய்த்து நிறுத்துங்கள்.

விளக்கு

நேர் எதிரே விளக்கு வைத்தால் நிழலே விழாது, உங்கள் உழைப்பு அத்தனையும் தட்டையாகத் தெரியும். சின்ன எல்ஈடி விளக்கை ஒரு பக்கமாகத் தரையோடு தரையாக வையுங்கள். மெழுகுவர்த்தி கூடவே கூடாது, ஃபோம் எளிதில் தீப்பிடிக்கும். இருட்டியதும் நடைபாதைக்குப் போய் நின்று பாருங்கள். கண்குழியில் நிழல் தேங்கி, எழுத்து தானாகப் படிக்க வருகிறதா? வரவில்லை என்றால் விளக்கை இன்னும் ஓரமாக நகர்த்துங்கள்.