ஒரு நாட்டைப் பிடித்துக்கொண்டு உலக சினிமாவுக்குள் நுழைவது எப்படி?

உலக சினிமா பார்க்கத் தொடங்க வேண்டும் என்று நினைப்பவர் முதலில் தேடுவது பெரும்பாலும் ஒரு பட்டியலைத்தான். அதைக் கையில் வைத்துக்கொண்டு இந்த வாரம் ஜப்பான், அடுத்த வாரம் பிரேசில், அதற்கடுத்த வாரம் போலந்து என்று தாவினால், ஓராண்டு முடிவில் ஐம்பது படங்களின் பெயர்கள் நினைவில் நிற்கும். ஆனால் அந்த ஐம்பதில் ஒரு சமூகத்தையாவது நெருங்கி அறிந்தோமா என்று கேட்டால் பதில் இராது. ஒரு வீட்டில் விருந்தாளி மூன்று முறை மறுத்த பிறகே தேநீரை வாங்கிக்கொள்கிறார் என்றால், அது அவருடைய தனிப்பட்ட கூச்சமா, அந்த ஊர் வழக்கமா என்பதை அந்த ஒரு படம் சொல்லித் தராது. அதே நாட்டின் நான்காவது, ஐந்தாவது படத்தைப் பார்க்கும்போதுதான் அது பிடிபடும். ஆகவே என் பரிந்துரை எளியது: ஒரு நாட்டைத் தேர்ந்தெடுத்து, ஆறு மாத காலம் அந்நாட்டின் எட்டுப் பத்துப் படங்களை மட்டும் பாருங்கள்.

எந்த நாடாகவும் இருக்கலாம். இங்கே ஈரானை எடுத்துக்கொள்கிறேன். தமிழ் வாசகர்களுக்கு அது ஏற்கெனவே பாதி அறிமுகமான நாடு என்பது ஒரு காரணம். அந்தப் பாதி அறிமுகமே ஒரு தடையாகவும் இருக்கிறது என்பது இன்னொரு காரணம். மஜீத் மஜீதியின் ‘சில்ட்ரன் ஆஃப் ஹெவன்’ (1997) படத்தைப் பார்க்காத தமிழ் சினிமா ஆர்வலர் குறைவு. அதைத் தழுவி 2022இல் ‘அக்கா குருவி’ என்ற தமிழ்ப் படமும் வந்தது. ஆனால் நம்மில் பலர் அங்கேயே நின்றுவிட்டோம். ஈரானியப் படம் என்றால் தொலைந்துபோன காலணி, கள்ளமற்ற குழந்தை, கண்ணீர் என்று ஒரு சூத்திரம் மனத்தில் பதிந்துவிட்டது. அந்தச் சூத்திரத்தைக் கடப்பதுதான் முதல் வேலை.

எந்த வரிசையில் பார்ப்பது

குழந்தையிலிருந்தே தொடங்கலாம், ஆனால் வேறு கண்ணோடு. அப்பாஸ் கியரொஸ்தமியின் ‘வேர் இஸ் த ஃபிரண்ட்ஸ் ஹவுஸ்?’ (1987) ஒன்றரை மணி நேரத்துக்கும் குறைவான படம். வகுப்புத் தோழனின் நோட்டுப் புத்தகத்தைத் தவறுதலாக எடுத்து வந்துவிட்ட சிறுவன் அகமது, மறுநாள் அது இல்லாவிட்டால் அவனைப் பள்ளியை விட்டு நீக்கிவிடுவார்கள் என்று அஞ்சி, அதைக் கொண்டுபோய்க் கொடுப்பதற்காகப் பக்கத்துக் கிராமத்துக்கு ஓடுகிறான். கதை இவ்வளவுதான். ஆனால் நடுவில் அவனுடைய தாத்தா, தம்மிடம் சிகரெட் இருந்தும், எடுத்து வா என்று அவனை வீட்டுக்கு விரட்டுகிறார். பையன் சொன்ன சொல் கேட்டு வளர வேண்டும் என்பதற்காகவாம். தம் தகப்பனார் வாராவாரம் காசு கொடுப்பார், பதினைந்து நாளுக்கு ஒரு முறை அடிப்பார். காசைச் சில சமயம் மறந்துவிடுவார், அடியை ஒருபோதும் மறந்ததில்லை என்று பெருமையாகச் சொல்கிறார். இந்தக் காட்சியைக் கவனித்தவருக்கு இது குழந்தைகள் படம் அன்று, கீழ்ப்படிதலைப் பற்றிய படம் என்பது விளங்கிவிடும்.

இரண்டாவதாக அஸ்கர் ஃபர்ஹாதியின் ‘எ செபரேஷன்’ (2011). கிராமத்திலிருந்து நேராகத் தெஹ்ரானின் நடுத்தர வர்க்க அடுக்ககத்துக்கு வந்துவிடுகிறோம். வெளிநாடு போக விரும்பும் மனைவி, மறதி நோயால் பாதிக்கப்பட்ட தந்தையை விட்டுவர மறுக்கும் கணவன், இருவருக்கும் நடுவே பதினொரு வயது மகள், தந்தையைப் பார்த்துக்கொள்ள வரும் ஏழைப் பெண் ராஸியே. படுக்கையை நனைத்துவிட்ட முதியவரின் உடையைத் தான் மாற்றினால் அது பாவமாகுமா என்று ராஸியே தொலைபேசியில் மத ஆலோசனை கேட்கும் ஒரு காட்சியில் மதம், வறுமை, பெண்ணின் உழைப்பு, முதுமை ஆகிய நான்கும் ஒன்றாக வந்து நிற்கின்றன. அவற்றுள் எதையும் படம் விரித்துரைப்பதில்லை. யார் காரில் போகிறார்கள், யார் பேருந்தில் நெடுந்தூரம் வருகிறார்கள் என்பதை மட்டும் இரண்டாம் முறை பார்க்கும்போது கவனியுங்கள். வர்க்கம் பற்றி ஒரு வசனமும் வேண்டியிராது.

இதனோடு சேர்த்து ‘டிவோர்ஸ் இரானியன் ஸ்டைல்’ (1998) என்ற ஆவணப்படத்தையும் பார்த்துவிடுங்கள். கிம் லாங்கினோட்டோவும் ஸீபா மீர்-ஹொசைனியும் தெஹ்ரான் குடும்ப நீதிமன்றத்துக்குள்ளேயே கேமராவை வைத்து எடுத்தது. கதைப்படத்தின் தொடக்கக் காட்சியில் நீதிபதியின் இடத்தில் கேமரா இருக்கிறது, அவருடைய முகம் தெரிவதில்லை. ஆவணப்படத்தில் அதே போன்ற நீதிபதி சலிப்போடும் சில நேரம் சிரிப்போடும் எதிரில் உட்கார்ந்திருக்கிறார். ஒரு சமூகச் சிக்கலைப் பற்றிய கதைப்படத்தையும் ஆவணப்படத்தையும் அடுத்தடுத்த நாள்களில் பார்ப்பதைப் போலப் பயன் தரும் பழக்கம் வேறில்லை.

மூன்றாவது, ஜாபர் பனாஹியின் ‘ஆஃப்சைடு’ (2006). பெண்களுக்கு அனுமதியில்லாத மைதானத்தில் உலகக் கோப்பைக் கால்பந்துத் தகுதிச் சுற்று ஆட்டத்தைப் பார்க்க ஆண் வேடமிட்டு வந்து பிடிபட்ட பெண்களும், அவர்களைக் காவல் காக்கும் கிராமத்துப் படைவீரர்களும் பேசிக்கொள்ளும் படம் இது. ஊரில் மாடு கன்றுகளை யார் பார்ப்பார்கள் என்ற கவலையோடு கட்டாயப் படைச் சேவையில் நிற்கும் அந்த வீரனும் ஒரு வகையில் சிறைப்பட்டவன்தான். படம் ஈரானில் தடை செய்யப்பட்டது. 2019 அக்டோபரில் ஈரானும் கம்போடியாவும் மோதிய தகுதிச் சுற்று ஆட்டத்துக்குத்தான் பெண்கள் சீட்டு வாங்கி உள்ளே போக முடிந்தது. படம் பார்த்த பிறகு, அது எழுப்பிய சிக்கல் இன்று என்ன நிலையில் இருக்கிறது என்று அரை மணி நேரம் தேடிப் படிப்பதை வழக்கமாக்கிக்கொண்டால், படம் எடுக்கப்பட்ட ஆண்டிலேயே அந்த நாடு உறைந்து நிற்பதாக எண்ணும் பிழை நேராது.

பிறகு பின்னோக்கிச் செல்லலாம். பெண் கவிஞர் ஃபொரூக் ஃபரொக்ஸாத் தொழுநோயாளர் குடியிருப்பு ஒன்றில் எடுத்த ‘த ஹவுஸ் இஸ் பிளாக்’ இருபது நிமிடம்தான் ஓடும். 1960களின் தொடக்கத்தில் வந்தது. தாரியூஷ் மெஹ்ர்ஜூயியின் ‘த கவ்’ (1969) தன் ஒரே பசுவை இழந்து பித்தாகிப்போகும் கிராமத்தானின் கதை. நம் கி.ரா. உலகத்து மனிதர் எவருக்கும் அவன் அந்நியனாகத் தெரிய மாட்டான்.

விதியை அறிந்தால் காட்சி விளங்கும்

1979 இஸ்லாமியப் புரட்சிக்குப் பின் அரசு அனுமதியோடு எடுக்கப்பட்ட ஈரானியப் படங்களில் பெண் பாத்திரம் தன் வீட்டுக்குள், கணவன் மட்டும் இருக்கும் அறையில்கூட, தலையை மூடியிருப்பாள். நிஜ வாழ்க்கையில் ஈரானியப் பெண்கள் பொதுவாக அப்படி இருப்பதில்லை. திரைக்கு இப்பால் அமர்ந்திருக்கும் பார்வையாளர்கள் அந்நிய ஆண்கள் என்ற கணக்கில் எழுந்த விதி அது. உறவல்லாத ஆணும் பெண்ணும் தொட்டுக்கொள்ளவும் கூடாது; கணவன் மனைவியாக நடிப்பவர்களுக்கும் இதே விதிதான். இதனால் வீட்டின் உட்புறம் பொய்யாகத் தெரியத் தொடங்கியபோது, பல இயக்குநர்கள் தெருவுக்கும் வயல்வெளிக்கும் காருக்குள்ளும் சென்றார்கள். பெரியவர்களின் காதலைச் சொல்ல முடியாத இடத்தில் குழந்தைகளை வைத்தார்கள். நாம் ‘ஈரானிய அழகியல்’ என்று கொண்டாடுவதில் ஒரு பங்கு தணிக்கையைச் சுற்றிப் போக எடுத்த வழி. இதை அறிந்துகொண்டு, பத்து உரையாடல்களும் காருக்குள்ளேயே நிகழும் கியரொஸ்தமியின் ‘டென்’ (2002) படத்தைப் பாருங்கள். அதில் ஒரு பெண் தலைத்துணி நழுவ, மழித்த தலையோடு அமர்ந்திருக்கும் கணம் ஏன் அவ்வளவு கனமானது என்பதை எந்த விமரிசகரும் உங்களுக்கு விளக்க வேண்டியதில்லை.

தடைகளின் முழு வரலாற்றையும் ஒரு சிறுமியின் வாயால் கேட்க வேண்டுமானால் பனாஹியின் ‘டாக்ஸி’ (2015) இருக்கிறது. 2010இல் அவருக்கு ஆறாண்டுச் சிறையும், இருபதாண்டுகள் படம் எடுக்கக் கூடாது என்ற தடையும் விதிக்கப்பட்டன. அதன் பிறகு தாமே ஓட்டுநராக அமர்ந்து எடுத்த இந்தப் படத்தில், அவருடைய மருமகள் பள்ளியில் எழுதிக் கொடுத்த விதிகளைப் படித்துக் காட்டுகிறாள்: நல்லவன் கழுத்தில் டை கட்டக் கூடாது, நல்லவனுக்குப் புனிதர் பெயர் இருக்க வேண்டும், நாட்டை இருட்டாகக் காட்டக் கூடாது. இந்தக் கடைசிக் குற்றத்துக்குப் பெர்சிய மொழியில் ‘சியாஹ்நமாயி’ என்று ஒரு சொல்லே உண்டு. நமக்கும் இது புதிதன்று. வறுமையை வெளிநாட்டில் விற்கிறார் என்று 1980இல் நடிகை நர்கிஸ் சத்யஜித் ராயைச் சாடியதும் இதே குற்றச்சாட்டுதான். எந்த நாட்டின் சமூகப் படத்தைப் பார்த்தாலும், அந்த நாட்டில் இக்குற்றச்சாட்டு அதன்மீது வைக்கப்பட்டதா, யார் வைத்தார்கள் என்று விசாரியுங்கள்.

மறுபக்கத்தையும் மறக்கக் கூடாது. திருவிழாக்களில் பரிசு பெறும் படங்களை மட்டும் பார்த்தால், ஓர் ஊருக்குப் போய் விமான நிலையத்தை மட்டும் பார்த்துத் திரும்பியதாகிவிடும். மௌலவி வேடத்தில் சிறையிலிருந்து தப்பும் திருடனைப் பற்றிய நகைச்சுவைப் படமான ‘த லிஸார்ட்’ (2004) ஈரானியத் திரையரங்குகளில் கூட்டம் அலைமோத ஓடி, சில வாரங்களில் நிறுத்தப்பட்டது. ஈரானியர்கள் எதைக் கண்டு சிரித்தார்கள் என்பதை அறிய அது உதவும். ரக்ஷான் பனி-எத்தமாதின் ‘அண்டர் த ஸ்கின் ஆஃப் த சிட்டி’ (2001) ஒரு நெசவாலைத் தொழிலாளித் தாயைப் பற்றியது. பஹ்மன் கோபாதியின் ‘எ டைம் ஃபார் டிரங்கன் ஹார்ஸஸ்’ (2000) குர்து மொழிப் படம்; ஈரான் என்பது ஒரே மொழியும் ஒரே பண்பாடும் அன்று என்று தெரிந்துகொள்ள அது ஒன்றே போதும்.

துணையுரையை எவ்வளவு நம்பலாம்

மூல ஒலியோடும் துணையுரையோடும் (சப்டைட்டில்) தான் பார்க்க வேண்டும். மொழிமாற்றுக் குரலில் மனிதர்களின் ஊர் அழிந்துவிடுகிறது. ஆனால் ஆங்கிலத் துணையுரை தமிழருக்கு ஒரு வகையில் அநியாயம் செய்கிறது. பெர்சியத்தில் ‘தோ’, ‘ஷோமா’ என்பவை ஏறக்குறைய நம் ‘நீ’, ‘நீங்கள்’ போன்றவை. ஆங்கிலத்தில் இரண்டும் ஒன்றாகிவிடும். காதைத் தீட்டிக்கொண்டு இந்த இரண்டு சொற்களை மட்டும் பிடித்தால், யார் யாரை மதிக்கிறார், சண்டையின் நடுவே மரியாதை எந்தக் கணத்தில் உடைகிறது என்பதை ஆங்கிலம் மட்டும் அறிந்த பார்வையாளரைவிட நாம் நன்றாக உணர முடியும். ‘தாரோஃப்’ என்னும் உபசார வழக்கும் அப்படியே: டாக்ஸிக் கட்டணம் எவ்வளவு என்று நாம் கேட்டால் ஓட்டுநர் ‘வேண்டாம்’ என்பார், நாம் வற்புறுத்திக் கொடுக்க வேண்டும். இது தெரியாதவர் அவரைத் தயாள குணமுடையவர் என்று எழுதிவிடுவார்.

இத்தகைய பிழைகளை நாம் எவ்வளவு செய்கிறோம் என்று அளந்து பார்க்க ஒரு வழி இருக்கிறது. 2015இல் கான் விழாவின் தங்கப்பனை விருதைப் பெற்ற, ஜாக் ஒதியாரின் ‘தீபன்’ என்ற பிரெஞ்சுப் படத்தில் பெரும்பகுதி உரையாடல் தமிழ். இறந்துபோனவர்களின் கடவுச்சீட்டுகளில் குடும்பமாக நடித்துப் பிரான்சுக்கு வரும் மூன்று ஈழத்தமிழரின் கதை. முன்னாள் போராளியாக நடித்தவர் எழுத்தாளர் ஷோபாசக்தி. அதைப் பார்க்கும்போது எந்த இடத்தில் ‘ஆம், நாம் இப்படித்தான்’ என்று தோன்றுகிறது, எந்த இடத்தில், குறிப்பாகத் துப்பாக்கிகள் வெடிக்கும் இறுதிப் பகுதியில், ‘இது வேறு யாரோ நம்மைப் பற்றிக் கற்பனை செய்தது’ என்று தோன்றுகிறது என்பதை ஒரு தாளில் குறித்து வையுங்கள். நாம் வியந்து பாராட்டும் அயல்நாட்டுப் படங்களைப் பார்க்கும் அந்நாட்டவர்களும் இப்படியொரு தாளை வைத்திருக்கக்கூடும். படத்தின் தொடக்கத்தில் வரும் தயாரிப்பு நிறுவனங்களின் பெயர்களையும் தவறாமல் படியுங்கள். பணம் எந்த ஊரிலிருந்து வந்தது என்பது கதை யாருக்காகச் சொல்லப்படுகிறது என்பதைப் பல நேரம் காட்டிக்கொடுத்துவிடும்.

எங்கே பார்ப்பது

சென்னையிலும் திருவனந்தபுரத்திலும் டிசம்பரிலும், கோவாவில் நவம்பரிலும் பன்னாட்டுத் திரைப்பட விழாக்கள் வழக்கமாக நடைபெறுகின்றன. யாழ்ப்பாணத்தில் 2015 முதல் ஒரு பன்னாட்டு விழா நடந்துவருகிறது. பிரதிநிதிச் சீட்டு வாங்கிவிட்டால் நாளொன்றுக்கு ஐந்து படம் பார்க்கலாம், ஆனால் மூன்றோடு நிறுத்திக்கொள்ளுங்கள். நான்காவதைப் பார்க்கும்போது இரண்டாவது கலைந்துவிடும். விழா இல்லாத மாதங்களில் ‘முபி’ போன்ற இணையத் தளங்களும், சென்னையின் பிரெஞ்சு, ஜெர்மானியப் பண்பாட்டு மையங்களும், ஊர்தோறும் உள்ள சிறு திரைப்பட இயக்கங்களும் துணைக்கு உண்டு. மெதுவாகச் செல்லும் படத்தில் தூக்கம் வந்தால் வெட்கப்பட வேண்டாம். ‘டேஸ்ட் ஆஃப் செர்ரி’ (1997) படத்தை முதல் முறை பார்த்தபோது நான் பாதியில் கண்ணயர்ந்தேன். கியரொஸ்தமியே அத்தகைய தூக்கத்தைக் குறையாக நினைத்தவரல்லர் என்று பின்னால் தெரிந்தது.

ஆறு மாதம் முடிந்ததும் அடுத்த நாட்டுக்குத் தாவ வேண்டாம். உங்களை உறுத்திய ஒரு கேள்வியின் நூலைப் பிடித்துக்கொண்டு நகருங்கள். ‘எ செபரேஷன்’ படத்து ராஸியே உங்களை விட்டுப் போகவில்லை என்றால், அயலார் வீட்டில் வேலை செய்யும் பெண் என்பதே அந்த நூல். அது உங்களை அந்தோணி சென்னின் ‘இலோ இலோ’ (2013) வழியாக 1997 நிதி நெருக்கடிக் காலச் சிங்கப்பூரின் பிலிப்பினோ பணிப்பெண்ணிடமும், அல்ஃபோன்சோ குவாரோனின் ‘ரோமா’ (2018) வழியாக மெக்சிகோ நகரத்துக்கும் அழைத்துச் செல்லும். அதற்கெல்லாம் முன்னால் செனகல் நாட்டின் உஸ்மான் செம்பேன் எடுத்த ‘பிளாக் கேர்ள்’ (1966) இருக்கிறது. மார்செய் துறைமுகத்தில் கூலி வேலை செய்து, பிறகு நாவலாசிரியராகி, தம் மக்களில் பெரும்பாலோருக்கு எழுத்தறிவில்லை என்பதால் சினிமாவுக்கு வந்தவர் செம்பேன். டாக்கரிலிருந்து பிரான்சுக்கு வேலைக்குக் கூட்டிச் செல்லப்பட்டு ஒரு சமையலறைக்குள் அடைபடும் தியுவானாவின் கதையைச் சொல்லும் அந்தப் படத்தில், அவளுடைய மனக்குரல்கூடப் பிரெஞ்சில்தான் ஒலிக்கிறது. இரண்டே ஆண்டில் ‘மண்டாபி’ (1968) படத்தில் செம்பேன் தம் மக்களின் வோலோஃப் மொழியைத் திரையில் பேசவைத்துவிட்டார். ‘பிளாக் கேர்ள்’ ஒரு மணி நேரம்தான் ஓடும். ‘மண்டாபி’யை மறுநாளே பார்த்துவிடுங்கள்.