திரையைப் பார்க்கும் முன் போர்ட்டைப் பாருங்கள்

சேலம் அடிவாரத்திலிருந்து ஏற்காட்டுக்கு ஏறினால் 20 கொண்டை ஊசி வளைவுகள். அத்தனையும் சுற்றி மேலே போய், ஏரிக்குப் பக்கத்தில் எடுத்த அறையில் மடிக்கணினியைத் திறந்தேன். புதிதாக வாங்கிய 15.6 அங்குலக் கையடக்கத் திரையை அருகில் நிறுத்திக் கேபிளைச் செருகினேன். ‘சிக்னல் இல்லை’ என்று காட்டிவிட்டுத் திரை அணைந்தது. பெட்டியோடு வந்த கேபிள் அஸ்தம்பட்டி வீட்டு மேசையில் கிடந்தது. என் கையில் இருந்தது கைபேசி சார்ஜரின் கேபிள்.

இரண்டுக்கும் முனை ஒன்றுதான், உள்ளே ஓடும் கம்பிகள்தான் வேறு. கைபேசியோடு வரும் டைப்-சி கேபிள்களில் பெரும்பாலானவை சார்ஜ் ஏற்றும், மெதுவாகக் கோப்புகளை அனுப்பும், அவ்வளவுதான். படத்தைக் கொண்டுபோகும் அதிவேகக் கம்பிகள் அவற்றில் இருக்காது.

கேபிளையாவது மாற்றிக்கொள்ளலாம். மடிக்கணினியில் அதைச் செருகும் துளையான போர்ட்டே கைவிட்டால் எந்த டைப்-சி கேபிளும் உதவாது. டைப்-சி என்பது துளையின் வடிவத்துக்குத்தான் பெயர். அதன் வழியே படம் வர, ‘டிஸ்பிளேபோர்ட் ஆல்ட் மோட்’ என்ற வசதி மடிக்கணினியில் இருக்க வேண்டும். விலை குறைந்த பல மடிக்கணினிகளில் அது கிடையாது. போர்ட்டின் அருகே ஆங்கில ‘டி’க்குள் ‘பி’ அடங்கிய சின்னமோ, தண்டர்போல்ட் என்ற அதிவேக இணைப்பின் மின்னல் குறியோ இருந்தால் நிம்மதி. குறி இல்லாமலும் வசதி இருக்கலாம் என்பதால், மாடல் எண்ணை வைத்துத் தயாரிப்பாளரின் விவரப் பட்டியலில் பார்த்துவிடுங்கள். ‘டைப்-சிதானே, வேலை செய்யும்’ என்று கடைக்காரர் சொல்வதை நம்பிப் பணம் கட்ட வேண்டாம்.

இரண்டு திரை வாங்குபவர்கள் எண்ணிக்கையையும் பார்க்க வேண்டும். ஆப்பிளின் எம்1, எம்2 சிப் உள்ள மேக்புக் ஏர் மடிக்கணினி, வெளியிலிருந்து ஒரே ஒரு திரையைத்தான் நேரடியாக ஏற்கும். யுஎஸ்பி வழியே படத்தை அனுப்பும் டிஸ்பிளேலிங்க் அடாப்டர் போட்டு, அதற்கான மென்பொருளையும் நிறுவினால் இரண்டாவது திரை வரும். கணக்கு வேலைக்கு அது போதும், விளையாட்டுக்குத் திணறும்.

எச்டிஎம்ஐ வழியாக இணைப்பவர்கள் மறப்பது மின்சாரத்தை. அந்தக் கேபிள் படத்தைத் தரும், திரையை எரியவைக்காது. மின்சாரத்துக்குப் பழைய யுஎஸ்பி 2.0 போர்ட்டை நம்பினால், அது தருவது 2.5 வாட், திரை கேட்பதோ ஏறக்குறைய 8 வாட். வெளிச்சத்தைக் கூட்டியதும் அணைந்து அணைந்து எரிவது அதனால்தான். தனிச் சார்ஜர் கொடுங்கள். மின்வெட்டு நேரத்துக்கும் ஒரு கணக்கு உண்டு. 10 வாட்டில் ஓடும் மடிக்கணினிக்கு 50 வாட்-மணி பேட்டரி ஐந்து மணி நேரம் வரும். அதிலிருந்தே இரண்டு கூடுதல் திரைகளுக்கும் மின்சாரம் போனால் இரண்டு மணி நேரம்கூட நிற்காது.

மூடியின் முதுகில் மாட்டி இருபுறமும் விரிக்கும் மூன்று திரைச் செட் எனக்குப் பிடிக்கவே இல்லை. செவ்வாய்பேட்டையில் கொலுசு டிசைன் செய்யும் என் மைத்துனர் ஆசையாக வாங்கினார். அத்தனை எடையையும் தாங்கியது மடிக்கணினியின் கீல். ஆறு மாதத்தில் மூடி தானாகவே பின்னால் சாய ஆரம்பித்தது. தனியாக நிற்கும் திரைதான் நல்லது. இன்னொன்றையும் அவரிடம் கற்றுக்கொண்டேன். மலிவான திரைகளில் நிறம் வெளிறிப்போகும், வெள்ளிகூட நீலம் பாய்ந்து தெரியும். அதனால் டிசைனை மடிக்கணினித் திரையிலும் ஆர்டர் பட்டியலைக் கூடுதல் திரையிலும் வைத்துக்கொள்கிறார்.

அமைப்புகளில் சிக்கல் குறைவு. விண்டோஸ் பொத்தானோடு ‘பி’யை அழுத்தி ‘நீட்டிப்பு’ என்பதைத் தேர்ந்தெடுங்கள். மவுஸ் ஓரத்தில் முட்டி நின்றால், திரை அமைப்பில் தெரியும் கட்டங்களை மேசையில் உள்ள வரிசைப்படி இழுத்து வையுங்கள்.

அடுத்த முறை சரியான கேபிளோடுதான் ஏற்காடு போனேன். மலையைப் பார்த்தபடி வேலை செய்யலாம் என்று பால்கனியில் உட்கார்ந்தேன். 250 நிட் வெளிச்சமுள்ள அந்தப் பளபளப்பான திரையில் என் முகமும் பின்னால் இருந்த சில்வர் ஓக் மரங்களும் தெளிவாகத் தெரிந்தன. எக்செல் மட்டும் தெரியவில்லை. மேசையை அறைக்குள் இழுத்துப் போட்டுக்கொண்டேன்.